பதினான்கு மேலது

புதிய வழிகாட்டி அறுபத்துநான்கு பக்கம் இருந்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் மார்ஜின் அக்கா திட்டிய திட்டையெல்லாம் யாராவது எழுதிவைத்திருந்தால் நூறு பக்கத்தைத் தாண்டியிருக்கும்.

"இடது பக்கம் ஒன்றரை அங்குலம் விடணும்னு பதினெட்டு வருஷமா உயிரை வாங்கினாங்க. இப்போ ஒண்ணேகால் போதுமாம். மிச்சமாகிற கால் அங்குலத்துல பங்களாவா கட்டப்போறாங்க?" என்று கேட்டாள். கடையில் அவளைத் தவிர இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும்தான் இருந்தன. அவளுடைய கேள்விகளுக்குப் பெரும்பாலும் அவைதான் பதில் சொல்லாமல் நிற்கும்.

கடை பல்கலைக்கழக வாசலுக்கு நேர் எதிரே, சாலையைத் தாண்டினால் முதல் கதவு. எட்டடி அகலம், பத்தடி நீளம். வலது சுவர் முழுக்கத் தாள் கட்டுகள், இடது சுவரில் ஆய்வேடுகளுக்குத் தைத்துப் போட்ட அட்டைகளின் மாதிரி. நடுவில் ஒரு சுழல்நாற்காலி. அதில் அவள் உட்கார்ந்துவிட்டால் வந்தவர் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். உள்ளே இன்னொரு நாற்காலி போட இடமில்லை என்று அவள் சொல்வாள். இடம் இருந்தாலும் போடமாட்டாள் என்பது வந்துபோகிற எல்லோருக்கும் தெரியும். உட்கார இடம் கொடுத்தால் ஆய்வாளர்கள் தங்கள் வாழ்க்கைக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

பட்டப்படிப்பு இரண்டாம் வருடத்தில் அப்பா படுத்த படுக்கையானதால் படிப்பை விட்டவள் அவள். டைப்பிங் மட்டும் கையில் இருந்தது. கல்யாணம் ஆகி வந்த இடத்தில் புருஷன் பஸ் பணிமனையில் மெக்கானிக். அவன்தான் இந்தக் கடையைப் பிடித்துக் கொடுத்தான். முதல் வருடத்திலேயே ஒரு மாணவன் அளவு தப்பாக வைத்துக்கொண்டு வந்து நிற்க, ஸ்கேலை எடுத்து அவன் ஆய்வேட்டின் ஓரத்தை அளந்து காட்டி, தெருவே கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறாள். அன்றிலிருந்து மார்ஜின் அக்கா. அவளுடைய அப்பா அம்மா வைத்த பெயர் கடைப் பலகையில்கூட இல்லை.

அறுநூறு ஆய்வேடுகளுக்கு மேல் அவள் கை பட்டு வெளியே போயிருக்கின்றன. எலும்பு முறிவு, வரிவிதிப்பு, மண்புழு, பழைய கல்வெட்டு என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். என் கடையிலிருந்து போனது எதுவும் வடிவம் சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை என்பது அவளுடைய பெருமை. அந்தப் பெருமையைக் கேட்காதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. கேட்டுச் சலிக்காதவர்களும் கிடையாது.

இப்போது வழிகாட்டிக்கு வருவோம். அதில் அவளுக்கு அதிகம் எரிச்சல் மூட்டியது மார்ஜின் அல்ல. ஒன்பதாம் பிரிவு. இனி அடிக்குறிப்பே கூடாது. யாருடைய நூலிலிருந்து எடுத்தாலும் அந்த வரியிலேயே அடைப்புக்குறிக்குள் பெயர், ஆண்டு, பக்கம் போட வேண்டும். முக்கியமாக 'மேலது' என்ற சொல் எங்கேயும் தலைகாட்டக் கூடாது.

மேலது என்பது ஆய்வேடு எழுதுகிறவர்களின் பழைய வசதி. ஓர் அடிக்குறிப்பில் ஒருவருடைய நூலின் முழு விவரத்தையும் எழுதியாகிவிட்டது, அடுத்த குறிப்பும் அதே நூல்தான் என்றால், 'மேலது' என்று போட்டுப் பக்க எண்ணை மட்டும் எழுதினால் போதும். மேலே சொன்ன அதே ஆள் என்று அர்த்தம். சோம்பேறிகளுக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. ஓர் ஆய்வேட்டில் இருநூறு மேலது பார்த்திருக்கிறாள் அக்கா. இப்போது அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, மேலே இருப்பவர் யார் என்று பார்த்து, பெயரைப் போட வேண்டும். மூலநூலை எடுத்துப் பக்க எண்ணைச் சரிபார்த்த பிறகே மாற்ற வேண்டும் என்று வேறு தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"சரிபார்க்கணுமாம். எழுதினவன் சரிபார்த்திருந்தா எனக்கு ஏண்டா இந்த வேலை?" என்று அதற்கும் பிரிண்டரைத்தான் கேட்டாள்.

இந்த வழிகாட்டியை எழுதிய குழுவுக்குத் தலைவர் கமா சார். உழைப்பு பற்றி ஆராய்கிற துறையின் பேராசிரியர். ஒரு பக்கத்தைக் கொடுத்தால் அதில் இருக்கிற கருத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கமாவைப் பார்ப்பார் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர். அவருடைய மாணவர்கள் எல்லோரும் அக்காவின் கடைக்குத்தான் வருவார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் மருத்துவமனை ஊழியர்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை அச்சுக்கு வடிவமைத்துக் கொடுத்ததும் அவள்தான். அந்தப் புத்தகம்தான் இப்போது இரண்டாம் பதிப்பாக வரப்போகிறது. புதிய முறைக்கு முதலில் மாறுகிற புத்தகம் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதால், அது அவள் மேஜையில் இருந்தது.

அந்த வாரம் அவளுக்கு வேறு ஒரு கவலையும் இருந்தது. நாத்தனார்.

நாத்தனார் அரசு மருத்துவமனையில் நர்ஸ். ஊருக்கெல்லாம் சிஸ்டர். புருஷன் இறந்த பிறகு அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறாள். வயது நாற்பத்தாறு. இருபத்து நான்கு வருடம் வார்டில் நின்று நின்று முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டு நீலம் பாரித்துக் கிடக்கிறது. இனிமேலும் நின்றால் கால் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நர்ஸிங் பள்ளியில் ஆசிரியர் வேலை ஒன்று காலியாக இருந்தது. உட்கார்ந்து செய்கிற வேலை. விண்ணப்பம் வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். திங்கட்கிழமை சிஸ்டர் அதைப் பூர்த்தி செய்து, பிரதி எடுக்க அண்ணி கடைக்குக் கொண்டுவந்தாள்.

அக்கா வாங்கிப் பார்த்தாள். 'உங்கள் ஆய்வைப் பிறர் மேற்கோள் காட்டிய விவரம்' என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்திருந்தது.

"என்ன இது, கோடு போட்டுவச்சிருக்கே? இதுக்கு இருபது மார்க்குன்னு கீழேயே போட்டிருக்கான். நீதான் ஒரு ஆய்வேடு பண்ணினியே."

"பண்ணினேன். சொல்லிக்கிற மாதிரி யாரும் எடுத்துக் காட்டலை அண்ணி. காட்டலைன்னா கோடுதானே போடணும்?" என்றாள் சிஸ்டர். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. பிரதியை வாங்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படி இறங்கிப் போனாள்.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்குக் கமா சாரின் புத்தகத்தில் மூன்றாம் இயலுக்கு வந்தாள் அக்கா. இருபத்துநான்காம் அடிக்குறிப்பு கமா சாரே ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரை. அதற்குக் கீழே வரிசையாகப் பதினான்கு மேலது. எல்லாம் ஒரே ஆள், வேலை சுலபம் என்று அவர் பெயரையும் ஆண்டையும் அடிக்கத் தொடங்கினாள். இருபத்தேழாம் குறிப்பில் 'மேலது, ப. 118' என்று இருந்தது.

கை நின்றது. கமா சாரின் கட்டுரை நாற்பத்தோராம் பக்கத்தில் ஆரம்பித்து ஐம்பத்தொன்பதில் முடிகிறது. மேலே அவளே அடித்த விவரம். ஐம்பத்தொன்பதில் முடிகிற கட்டுரையில் நூற்றுப் பதினெட்டாம் பக்கம் எங்கிருந்து வரும்?

அடுத்ததைப் பார்த்தாள். பக்கம் 121. அதற்கடுத்தது 97. அதற்கும் அடுத்தது 133. பதினான்கில் ஒன்றுகூட அந்தக் கட்டுரைக்குள் அடங்கவில்லை. அதற்குப் பிறகுதான் இருபத்துமூன்றாம் குறிப்பைப் பார்த்தாள். அது நாத்தனாருடைய ஆய்வேடு.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது, வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முந்தைய மாதம் கமா சார் ஒரு துண்டுத் தாளோடு வந்து, "இருபத்துமூணுக்கு அப்புறம் இந்த ஒண்ணை மட்டும் செருகிடும்மா" என்றார். செருகினாள். கம்ப்யூட்டர் அடுத்த எண்களையெல்லாம் தானாக மாற்றிக்கொண்டது. மேலதுகளை அது மாற்றாது. மனுஷன்தான் பார்க்க வேண்டும். அவள் பார்க்கவில்லை. நாத்தனாரைக் காட்டிக்கொண்டிருந்த பதினான்கு மேலதும் அந்த நிமிடத்திலிருந்து கமா சாரைக் காட்டத் தொடங்கிவிட்டன. முந்நூற்றுப் பன்னிரண்டு நர்ஸுகளின் காலைத் தொட்டுப் பார்த்து, வீக்கத்தை நாடாவால் அளந்து, எத்தனை மணி நேரம் நின்றால் எத்தனை வருடத்தில் நரம்பு கெடும் என்று கண்டுபிடித்தவள் சிஸ்டர். டூட்டி முடிந்து, வீட்டுக்குப் போகாமல், வார்டு வார்டாகப் போய் அளந்தாள். புத்தகத்தைப் படித்தால் அதெல்லாம் கமா சார் அளந்த மாதிரி இருந்தது. பிறகு வந்த ஆய்வாளர்கள் அந்தப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதினார்கள். ஒருவன்கூட 118ஆம் பக்கத்தைத் தேடிப் போகவில்லை. அதில் பதினொரு ஆய்வேடுகளை அக்காவே அடித்திருக்கிறாள். பதினொரு முறை தன் நாத்தனாரின் கணக்குக்குக் கமா சார் பெயரை அழகாக வரிசை பார்த்து அடித்திருக்கிறாள்.

இது மட்டும் என்றால் தவறு நடந்துவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பாள். ஆனால் புத்தகம் வந்த புதிதில் சிஸ்டர் அதை எடுத்துக்கொண்டு இதே கடை வாசலில் வந்து நின்றாள். "அண்ணி, இதெல்லாம் என் கணக்கு. சார் பேர்ல இருக்கே" என்றாள். கண் கலங்கியிருந்தது. கடையில் அன்றைக்கு நான்கு பேர் காத்திருந்தார்கள். "அதான் ஒரு இடத்துல உன் பேரு இருக்கே, கண்ணு தெரியலையா? மேலதுன்னா என்னன்னு முதல்ல கத்துக்கிட்டு வா. என் கடையில தப்பு வராது" என்று அக்கா அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள். மேலே படிக்கப் பணம் கட்டி இடம் வாங்கி வைத்திருந்த சிஸ்டர், அந்த மாதமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கால் வலி என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள்.

அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்துக் கடையில் இருந்து பார்த்தவர்கள் உடம்பு சரியில்லை போல என்று நினைத்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. கமா சார் மேல் கோபம், எழுதிய முட்டாள்கள் மேல் கோபம், புதிய வழிகாட்டி மேல் கோபம். எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டுத் தன்மேல் இருந்த கோபம்தான் முன்னால் வந்து நின்றது. வீட்டுக்குப் போய், மாடியில் சிஸ்டர் இல்லாத நேரத்தில் அலமாரியைத் திறந்து ஆய்வேட்டை எடுத்துவந்தாள். திருட்டுப் பூனை மாதிரி படி இறங்கியதை எண்ணி அதற்கும் தன்னையே திட்டிக்கொண்டாள். நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் அட்டவணை இருந்தது. ஓர் எண்கூட மாறவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கமா சாரின் அறைக்குள் நுழைந்தாள். புத்தகத்தையும் ஆய்வேட்டையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்துவைத்தாள்.

"உக்காரும்மா" என்றார்.

"நின்னே பேசறேன் சார். உங்க கட்டுரை எந்தப் பக்கத்துல முடியுது?"

"ஏன்?"

"சொல்லுங்க."

"ஐம்பத்தொன்பது."

"அப்போ இந்த நூத்திப் பதினெட்டு யாரோடது?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஆய்வேட்டையும் பார்த்தார். பார்த்த நேரம் கொஞ்சம் அதிகம். புதிதாகப் பார்க்கிறவர் அவ்வளவு அமைதியாக இருக்கமாட்டார்.

"அடடா. நீ செருகும்போது கீழ இருக்கிறதை மாத்தியிருக்கணுமே" என்றார்.

"ஆமா சார். மாத்தியிருக்கணும். அது என் தப்பு, இல்லைன்னு சொல்லலை. ஆனா அதுக்கப்புறம் நாலு முறை பிழைதிருத்தம் பாத்தது யாரு? கமாவுக்கு முன்னாடி ஒரு இடைவெளி அதிகமா இருக்குன்னு ராத்திரி போன் பண்ணிச் சொன்ன கண்ணுக்கு, உங்க கட்டுரையில இல்லாத பக்கம் பதினாலு இடத்துல தெரியலையா? அதை வச்சு எத்தனை ஊர்ல போய்ப் பேசினீங்க? நான்தான் அளந்தேன்னு எத்தனை மேடையில சொன்னீங்க?"

"குரலைத் தாழ்த்திப் பேசும்மா. வெளியில மாணவர்கள் இருக்காங்க."

"அன்னைக்கு அவ அழுதப்போ என் கடையிலயும் ஆள் இருந்தாங்க."

அவருக்கு அது புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து, மாணவனுக்குப் பாடம் சொல்கிற குரலில் ஆரம்பித்தார். இரண்டாம் பதிப்பில் திருத்திவிடலாம், புத்தகம் வர ஆறு மாதம் ஆகும், அதுவரை பொறுமையாக இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது என்றார். நாளைக்கு நான்கு மணிக்குள் அத்தாட்சி வேண்டும் என்று அக்கா சொன்னாள். தன்னால் அப்படியெல்லாம் எழுதித் தர முடியாது, அது வேறு மாதிரி பொருள்படும் என்றார்.

"அப்போ இந்த ரெண்டையும் எடுத்துக்கிட்டு துணைவேந்தர் ரூமுக்குப் போறேன். சரிபார்த்த பிறகே மாத்தணும்னு எழுதினது நீங்க. நான் சரிபார்த்துட்டேன்."

வெளியே மாணவர்கள் நிற்கிற கதவை ஒரு முறை பார்த்தார். பிறகு அவர் பேனாவை எடுத்தார்.

"தட்டச்சுப் பிழைன்னு நீ எழுதிக்கொடு. அதைப் பாத்து, சரிதான்னு நான் கையெழுத்துப் போடறேன்."

அந்த ஆள் தப்பித்துப் போகிற வழி அது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பதினெட்டு வருடமாகக் கட்டிக் காத்த பெயரை எடுத்து அவர் காலுக்கு விரிப்பாகப் போட வேண்டும், அவர் ஷூ அழுக்காகாமல் அதன்மேல் நடந்து போவார். இந்தப் படுபாவியின் முகத்தில் புத்தகத்தை விட்டெறிந்தால் என்ன என்று கை துடித்தது. எறிந்தால் கையெழுத்துக் கிடைக்காது. நாளைக்கு நான்கு மணி.

அங்கேயே நின்று எழுதினாள். 'இந்நூலின் மூன்றாம் இயலில் 25 முதல் 38 வரையுள்ள அடிக்குறிப்புகள் கீழ்க்காணும் ஆய்வாளரின் ஆய்வேட்டைக் குறிப்பவை. என் கவனக்குறைவால் அவை நூலாசிரியரின் கட்டுரையைக் குறிப்பதாக மாறிவிட்டன.' கீழே சிஸ்டரின் முழுப் பெயர், ஆண்டு, பதினான்கு பக்க எண்கள். தன் கையெழுத்து. கமா சார் வாங்கிப் படித்து, ஒரு கமாவைச் சேர்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். "இதோட முடிஞ்சுதில்ல?" என்று கேட்டார்.

"உங்க புத்தகத்தை வேற இடத்துல குடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவருடைய மாணவர்களும் இனி வரமாட்டார்கள் என்பது படி இறங்கும்போதுதான் உறைத்தது. போகட்டும் என்று ஒரு கெட்ட வார்த்தையோடு சேர்த்துச் சொன்னாள். எதிரே வந்த காவலாளி தன்னைத்தான் சொல்கிறாளோ என்று ஒதுங்கி வழிவிட்டார்.

மதியம் இரண்டு மணிக்கு மாடிப்படி ஏறினாள். சிஸ்டர் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, வீங்கிய காலில் இறுக்கமான மருத்துவக் காலுறையை இரண்டு கையாலும் இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தாள். அக்கா தாளை நீட்டினாள். சிஸ்டர் அதை வாங்கி நிதானமாகப் படித்தாள். காலுறை முழங்காலுக்குக் கீழே பாதியில் நின்றது.

"விண்ணப்பத்துல அந்தக் கோட்டை அடிச்சுட்டு எழுது. புத்தகத்துல பதினாலு இடம். அதைப் பாத்து எழுதினவங்க பதினொரு பேரு. பட்டியல் போட்டுத் தர்றேன்" என்றாள் அக்கா. குரல் வழக்கம்போல் அதட்டலாகத்தான் வந்தது. வேறு குரல் அவளுக்குத் தெரியாது.

சிஸ்டர் மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"கவனக்குறைவுன்னு போட்டிருக்கீங்க."

"அந்த ஆளு அப்படி எழுதினாத்தான் கையெழுத்துப் போடுவேன்னான். என் பேரு கெட்டா கெட்டுட்டுப் போகுது."

"சார் பண்ணினதை நான் கேக்கலை அண்ணி." சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம் இருந்தது. இந்த வீட்டில் கோபம் தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று அக்கா இத்தனை வருடமாக நினைத்திருந்தாள். "இதைப் படிச்சா, இன்னைக்குத்தான் யாருக்கோ தெரிஞ்ச மாதிரி இருக்கு. அப்பவே எனக்குத் தெரியும். அப்பவே உங்ககிட்ட வந்து சொன்னேன். நாலு பேர் முன்னாடி என்னைப் படிக்கத் தெரியாதவ ஆக்கி அனுப்பினீங்க. பன்னெண்டு வருஷம். என் காலு இப்படி ஆகும்னு நான்தான் எழுதினேன், அதை நானே நம்பாம நின்னுக்கிட்டே இருந்தேன். எனக்கே தெரியலைபோல, அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன். அது எங்க இதுல?"

அக்காவுக்குப் பதில் வாய்வரை வந்தது. கையெழுத்து வாங்கியாகிவிட்டது, இனி இதில் கைவைத்தால் செல்லாது, நாளைக்குள் வேறு வாங்க முடியாது என்று சொல்ல நினைத்தாள். எல்லாம் நியாயமான காரணங்கள். அன்றைக்கும் அவளிடம் நியாயமான காரணம்தான் இருந்தது.

"பேனா குடு" என்றாள்.

கட்டில் ஓரத்தில் தாளை வைத்து, கமா சாரின் முத்திரைக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் எழுதினாள்: 'நூல் வெளிவந்த மாதமே ஆய்வாளர் இந்தப் பிழையை என்னிடம் நேரில் வந்து சொன்னார். அவர் சொன்னது சரி. நான் அவரை அவமானப்படுத்தி அனுப்பினேன்.' கையெழுத்துப் போட்டாள். வரி கோணலாக மேலேறிப் போயிருந்தது.

சிஸ்டர் அதை வாங்கி விண்ணப்பத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தினாள். நன்றி என்று சொல்லவில்லை. பாதியில் நின்ற காலுறையை மறுபடி இழுக்கக் குனிந்தாள். அக்கா தரையில் உட்கார்ந்து, அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வலிக்கும், மெதுவா" என்றாள் சிஸ்டர்.